அடுத்து என்ன படிக்கலாம்னு கேட்டவருக்கு: கரிசல்ல இருந்து ஆரம்பிங்க

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: பொன்னியின் செல்வன் 5 பாகமும் முடிச்சாச்சு, அதுக்கப்புறம் எந்த நாவல எடுத்தாலும் 40 பக்கத்துல நின்னுபோகுது, வேலை முடிஞ்சு வந்தா ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்குது, வட்டாரப் பேச்சுன்னா கொஞ்சம் பயம், கண்டிப்பா படிக்க வேண்டிய 10 தமிழ்ப் புத்தகம் சொல்லுங்க, அப்படியே நீங்க இப்ப என்ன படிக்கிறீங்கன்னும் சொல்லுங்க. கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். நான் இப்ப பூமணியோட அஞ்ஞாடி நாவல ரெண்டாவது தடவையா படிச்சுக்கிட்டு இருக்கேன், கூடவே நடுநடுவுல கு. அழகிரிசாமி சிறுகதைகள் ஒவ்வொண்ணா. இந்த ரெண்டும் ஒண்ணா என் மேஜைல இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு, உங்களுக்கு நான் சொல்லப்போற யோசனையும் அதுலதான் இருக்கு.

10 புத்தக லிஸ்ட் நான் தர மாட்டேன். தர முடியாதுன்னு இல்ல, அந்த மாதிரி லிஸ்ட்தான் உங்கள 40 பக்கத்துல நிறுத்துதுன்னு நினைக்கிறேன். வழக்கமா வர்ற லிஸ்ட்டப் பாருங்க, முதல் புத்தகம் கும்பகோணத்துல நடக்கும், ரெண்டாவது நாகர்கோவில்ல, மூணாவது செகந்திராபாத்ல, நாலாவது மேடான் பினாங்னு கடல் தாண்டிப் போயிடும். எல்லாமே நல்ல புத்தகம்தான், சந்தேகமே இல்ல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் பேச்சு வேற, சாப்பாடு வேற, உறவுமுறை வேற, ஆளுங்க வேற. ஒவ்வொரு தடவையும் அடிப்படையில இருந்து ஆரம்பிக்கணும், காது அந்தப் பேச்சுக்குப் பழகுறதுக்குள்ள புத்தகம் முடிஞ்சுடும், இல்லன்னா நீங்க மூடி வச்சுடுவீங்க. பொன்னியின் செல்வன் அவ்வளவு பெருசா இருந்தும் எப்படி முடிச்சீங்க? கல்கியோட வேகம் ஒரு காரணம், ஒத்துக்கிறேன். இன்னொரு காரணம் நீங்க மாசக்கணக்குல ஒரே உலகத்துக்குள்ளயே இருந்தீங்க, பழுவூரு எங்க இருக்கு கோடிக்கரை எங்க இருக்கு யாரு யாருக்கு என்ன உறவுன்னு தலையில ஏறிடுச்சு, அதுக்கப்புறம் பக்கம் தானா ஓடிச்சு. அதனால நான் சொல்றது, திரும்பவும் ஒரே உலகத்துக்குள்ள போய் உக்காருங்க, ஆனா இந்தத் தடவை ஒரே எழுத்தாளர் இல்ல, ஒரே மண்ணப் பத்தி எழுதின அஞ்சாறு பேர். ஒருத்தரப் படிச்சு முடிக்கும்போது அடுத்தவருக்கு நீங்க பாதி தயாராகியிருப்பீங்க.

இதுக்கு கரிசல விட நல்ல இடம் தமிழ்ல இல்லன்னு நான் நம்புறேன். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, இந்தச் சுத்துவட்டாரம்தான். கறுப்பு மண்ணு, பருத்தி, கம்பு, சோளம், கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், மழை பேஞ்சா கால வச்சா எடுக்க முடியாது. வருஷம் முழுக்க ஆறு பாயாத ஊரு, வானத்தையும் கம்மாயையும், அதாவது ஊர் ஏரியையும், நம்பின வெள்ளாமை, அப்புறம் தீப்பெட்டி ஆபீஸு. பெரிய கோபுரமோ பெரிய நதியோ சொல்லிக்கிற மாதிரி இல்லாத இந்த வறண்ட பூமியில இருந்து சாகித்ய அகாதெமி விருது வாங்கினவங்கள மட்டும் எண்ணிப் பாருங்க, கு. அழகிரிசாமி 1970, கி. ராஜநாராயணன் 1991, மேலாண்மை பொன்னுச்சாமி 2007, பூமணி 2014, எஸ். ராமகிருஷ்ணன் 2018, சோ. தர்மன் 2019. விருதை வச்சு புத்தகத்த எடை போடச் சொல்லல, ஒரு வட்டாரத்துல எவ்வளவு எழுத்து குவிஞ்சு கிடக்குன்னு தெரியறதுக்காகச் சொன்னேன்.

முதல்ல நாவல் வேண்டாம், சிறுகதையில ஆரம்பிங்க. கோவில்பட்டிக்குப் பக்கத்துல இடைசெவல்னு ஒரு சின்ன கிராமம், அங்க கிட்டத்தட்ட ஒரே வயசுல ரெண்டு சிநேகிதங்க, ஒருத்தர் அழகிரிசாமி, இன்னொருத்தர் கி. ராஜநாராயணன், சுருக்கமா கி.ரா. அழகிரிசாமி ஊர விட்டு மெட்ராஸ், மலேயான்னு பத்திரிகை வேலைக்குப் போயிட்டாரு, 1970லயே 46, 47 வயசுல காலமாயிட்டாரு. கி.ரா ஊர்லயே இருந்து விவசாயம் பாத்து, கிட்டத்தட்ட நூறு வயசு வாழ்ந்து, 2021ல புதுச்சேரியில இறந்தாரு. அழகிரிசாமி கி.ராவுக்கு எழுதின கடிதங்களே தனிப் புத்தகமா வந்திருக்கு, சங்கீதம், கம்பராமாயணம், கையில காசு இல்லாத கஷ்டம் எல்லாம் அதுல இருக்கும். அது பின்னாடி படிக்கலாம்.

அழகிரிசாமியோட ராஜா வந்திருக்கிறார் கதைய முதல் நாள் ராத்திரி படிங்க. பள்ளிக்கூடத்துப் பசங்க பாடப்புத்தகத்துல இருக்கிற படத்த வச்சு போட்டி போடுறதுல கதை தொடங்குது, என்கிட்ட இது இருக்கு உன்கிட்ட இருக்கான்னு. அந்தப் போட்டி அப்படியே வளந்து எங்க வீட்டுல அது இருக்கு உங்க வீட்டுல இருக்கான்னு போகுது, பணக்கார வீட்டுப் பையன் ஜெயிச்சுக்கிட்டே வர்றான். அன்னைக்கு தீபாவளிக்கு முந்தின ராத்திரி, சொறி சிரங்கு பிடிச்ச அநாதைப் பையன் ஒருத்தன் ஏழை வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். அந்த வீட்டு அம்மா தாயம்மாள் அவனையும் சேத்து உக்கார வச்சு எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி விடுறாங்க. புதுத் துணி தன் பிள்ளைங்களுக்கே எண்ணிப் பாத்து வாங்கினது, இருந்தும் அவனுக்கு ஒண்ண எடுத்துக் குடுக்கிறாங்க. அவன் பேரு ராஜா. மறுநாள் பணக்காரப் பையன் எங்க வீட்டுக்கு ராஜா வந்திருக்காருன்னு சொல்லும்போது, சின்னப் பொண்ணு மங்கம்மா என்ன சொல்லுவான்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். முடிவு தெரிஞ்சு படிச்சாலும் அந்த எண்ணெய் தேச்சு விடுற பகுதியில நிதானமா இருங்க, அவனோட உடம்புல எரியுறது, அந்தம்மா கை தயங்குறது, அப்புறம் தயங்காம போறது, அதுக்குள்ளதான் கதையே இருக்கு. ஒரு வரி கூட உங்கள அழ வைக்கணும்னு எழுதப்பட்டதில்ல.

அடுத்தது அன்பளிப்பு. புத்தகம் படிக்கிற யாருக்கும் இந்தக் கதை சுள்ளுன்னு தைக்கும். பத்திரிகையில வேலை பாக்குற ஒருத்தர், தெருப் பிள்ளைங்க எல்லாம் அவர் வீட்டுக்கு வந்து புத்தகத்துக்கு அடிச்சுக்கும், எல்லாருக்கும் நான் சமமாத்தான் இருக்கேன்னு அவர் மனசார நம்பிக்கிட்டு இருக்காரு. ரெண்டு குழந்தைங்களுக்கு டைரி கொண்டுவந்து குடுக்கிறாரு. சாரங்கன்னு ஒரு பையன், அவனுக்கு இல்ல. பின்னாடி அவன் அவரைத் தன் வீட்டுக்கு வற்புறுத்திக் கூட்டிட்டுப் போய், தானே காசு போட்டு வாங்கின டைரியையும் பேனாவையும் எடுத்து நீட்டி எழுதச் சொல்றான். என்னன்னு எழுத? என் பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்புன்னு. அவ்வளவுதான் கதை. யார் யாருக்கு என்ன புத்தகம் குடுக்கிறோம், யாரை விட்டுட்டோம்னு நான் ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறதுக்கு இந்தக் கதைதான் காரணம்.

இந்த ரெண்டும் ஆச்சுன்னா கி.ராவோட கதவுங்கிற கதை. குழந்தைங்க ஒரு கதவு மேல ஏறி பஸ் விளையாட்டு விளையாடுவாங்க, டிக்கெட் குடுத்து ஊர் ஊராப் போவாங்க, ஒரு தீப்பெட்டிப் படத்த அதுமேல ஒட்டி வைப்பாங்க. நிலத் தீர்வை பாக்கிக்காக தலையாரி, அதாவது ஊர்ல வரி வசூலுக்கு வர்ற சர்க்கார் ஆள், வந்து அந்தக் கதவையே கழட்டிட்டுப் போயிடுறான், அப்பா கூலி வேலைக்கு மணிமுத்தாறு பக்கம் போயிருக்காரு, பனிக்காலம், கதவு இல்லாத வீட்டுக்குள்ள ராத்திரி காத்து. கைக்குழந்தை தங்கல. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைங்க அந்தக் கதவ வேற ஒரு இடத்துல பாக்குறாங்க, அந்தப் பகுதிய நான் சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க. வரி வசூல், பஞ்சம், சாவு எல்லாம் இருக்கு, ஆனா கதை முழுக்க குழந்தைங்க கண்ணோட உயரத்துலயே இருக்கும், ஒரு அங்குலம் கூட மேல ஏறாது. இதுக்கு மாத்தா உடனே நாற்காலி கதையப் படிங்க, அது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். ஊர்லயே முதல் நாற்காலி ஒரு வீட்டுக்கு வருது, ஊரே வந்து பாத்துட்டுப் போகுது, கொஞ்ச நாள்ல ஊர்ல ஒரு சாவு விழ, பிணத்த உக்கார வைக்க அதைத்தான் வந்து தூக்கிட்டுப் போறாங்க, அதுக்கப்புறம் அந்த வீட்டுப் பிள்ளைங்க அதுல உக்காருமா?

இப்ப நாவலுக்கு வருவோம். கோபல்ல கிராமம், 1976. சின்ன நாவல்தான், உங்க ஒரு மணி நேரக் கணக்குக்கு ஒரு வாரம் பத்து நாள்ல முடிஞ்சுடும். ஆரம்பமே ஒரு கொலை. தண்ணி குடிக்க இறங்கின பிள்ளத்தாச்சிப் பொண்ணோட காதுல கிடந்த நகைக்காக ஒரு கள்ளன் அவளத் தண்ணிக்குள்ள அமுக்குறான், அவ சாகும்போதும் அவன் கால் பெருவிரலக் கவ்வுன பிடிய விடல. அங்கிருந்து கதை பின்னாடி போகுது, தெலுங்கு தேசத்துல இருந்து உயிருக்குப் பயந்து ஓடி வந்த ஒரு கூட்டம் எப்படி இந்தக் காட்டுக்கு வந்து சேந்துச்சு, எப்படிக் காட்ட எரிச்சு நிலமாக்குச்சு, 137 வயசுப் பாட்டி மங்கத்தாயாரு அம்மாள் உக்காந்து சொல்ற மாதிரி. கல்கி படிச்சுட்டு வர்ற உங்களுக்கு இது நல்லா ஒட்டும், ஏன்னா இதுவும் வரலாறுதான், ஆனா ராஜா இல்லாத வரலாறு. ராஜாங்கமும் கம்பெனி ஆட்சியும் எங்கயோ தூரத்துல கேக்குற சத்தம் மாதிரிதான் வரும். இதோட அடுத்த பாகம் கோபல்லபுரத்து மக்கள், விருது வாங்கினது அதுதான், ஆனா எனக்கு முதல் பாகம்தான் ஒரு படி மேல. ரெண்டாவதுல பாதிக்கு மேல சுதந்திரப் போராட்டச் செய்திகள் வரிசையா வந்து கிராமத்த ஓரங்கட்டிடுது.

கி.ரா தன்னப் பத்தி சொல்லுவாரு, மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அப்பவும் மழையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு. அப்படிப்பட்டவரு 1982ல தனியாளா நின்னு கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே கொண்டு வந்தாரு. உங்களுக்கு வட்டாரப் பேச்சு பயம் இருக்குன்னு சொன்னீங்க, அதுக்கும் இங்கயே சொல்லிடுறேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தாதீங்க. வாய்விட்டுப் படிங்க, பக்கத்து ரூம்ல ஆள் இருந்தா முணுமுணுத்தாவது படிங்க. கண்ணுக்குத் தெரியாத வார்த்தை காதுக்குத் தெரியும். கம்மாய், படப்பு, பருத்திமார், கரம்பை இதெல்லாம் மூணு தடவ வந்தாச்சுன்னா நாலாவது தடவ யாரும் உங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. ரொம்ப முட்டுச்சுன்னா மட்டும் அகராதி.

சரி, இப்பதான் நான் முக்கியமா சொல்ல வந்த இடம். கி.ராவோட கரிசல் ஒரு சம்சாரியோட, அதாவது விவசாயியோட கரிசல். நிலம் இருக்கிறவங்க, மாடு இருக்கிறவங்க, பஞ்சம் வந்தா அவங்களும் கஷ்டப்படுவாங்க, ஆனா ஊருக்கு நடுவுல இருக்கிறவங்க. அத மட்டும் படிச்சுட்டு நிறுத்தினா நீங்க அந்த ஊர்ல பாதித் தெருவத்தான் பாத்திருப்பீங்க. அதனால கோபல்ல கிராமம் முடிச்ச கையோட பூமணியோட 'பிறகு'ங்கிற நாவல எடுங்க, 1979ல வந்தது. அழகிரின்னு ஒரு செருப்புத் தைக்கிறவரு, அவர் மக முத்துமாரி, சுதந்திரம் வந்ததுக்கப்புறமான வருஷங்கள். கிணத்துல கமலை கட்டி மாடு வச்சு தண்ணி இறைப்பாங்கல்ல, அந்தக் கமலைக்குத் தோல் வேணும், அது கிழிஞ்சா தைக்க ஆள் வேணும். அந்தத் தோலத் தைக்கிறவர் வீட்டுக்குள்ள உக்காந்து அதே ஊரப் பாத்தா எப்படி இருக்கும்னு இந்த நாவல் காட்டும். அதே வெயில், அதே கம்மா, அதே சொலவடை, ஆனா யார் யார எப்படிக் கூப்பிடுறாங்க, யார் எங்க நிக்கணும், கூலி எப்படி வருதுங்கிறது எல்லாம் மாறிப்போயிருக்கும். ரெண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படிச்சாத்தான் இது உறைக்கும், நடுவுல ஆறு மாசம் விட்டா உறைக்காது. ஒரே மண்ணப் படிங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்காகத்தான்.

பூமணியோட வெக்கை, 1982, இத நீங்க ரெண்டே நாள்ல முடிப்பீங்க, அந்த வேகம் அதுக்கு உண்டு. அண்ணனக் கொன்னவனோட கைய மட்டும் வெட்டணும்னு போன 15 வயசுப் பையன் சிதம்பரம், ஆளே செத்துடுறான், அதுக்கப்புறம் அய்யாவும் மகனும் காடு மலைன்னு ஒளிஞ்சு திரியுறாங்க. அசுரன் படம் 2019ல இதுல இருந்துதான் வந்தது. படம் பாத்தாச்சேன்னு விட்டுடாதீங்க, படத்துல வர்ற அந்தப் பெரிய ஃப்ளாஷ்பேக், சண்டை எல்லாம் நாவல்ல கிடையாது. நாவல்ல என்ன இருக்குன்னா, அய்யாவும் மகனும் சோறு பொங்குறது, எங்க படுக்கிறதுன்னு பாக்குறது, பழச நினைச்சுப் பேசிக்கிறது, வீட்டுல அம்மா, சித்தி, மாமா எல்லாம் எப்படி இருக்காங்களோன்னு கவலப்படுறது. ஒரு கொலைக்கு அப்புறம் ஒரு குடும்பம் எவ்வளவு பிரியமா இருக்க முடியும்னு காட்டின புத்தகம் அது. என்ன சாதின்னு ஒரு இடத்துலயும் எழுத மாட்டாரு, ஆனா படிக்கிற உங்களுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

இந்த இடத்துல ஒரு குறைய சொல்லியாகணும். நான் இதுவரைக்கும் சொன்னது எல்லாம் ஆம்பளைங்க எழுதினது. கரிசல் எழுத்துல பொம்பளைங்க குரல் கம்மிதான், அந்த வயக்காட்டுலயும் தீப்பெட்டி ஆபீஸ்லயும் பாதி வேலைக்கு மேல பாத்தவங்க அவங்க, அது எனக்கு ஒரு வருத்தம். கரிசல்னு சரியா சொல்ல முடியாட்டியும் கூப்பிடு தூரத்துல, வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரத்துல இருந்து வந்த பாமாவோட கருக்கு, 1992, அதை இந்த வரிசையில கண்டிப்பா சேத்துக்கோங்க. அதுல ஒரு இடம் வரும். பள்ளிக்கூடம் விட்டு வர்ற சின்னப் பொண்ணு தெருவுல பெரியவர் ஒருத்தரப் பாக்குறா, கையில ஒரு பொட்டலம், அதத் தொடாம நூலப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து குனிஞ்சு மேல்சாதி நாய்க்கருகிட்ட நீட்டுறாரு, அவரு பிரிச்சு வடையத் திங்கிறாரு. நூல் அறுந்து வடை கீழ விழுந்துடாதான்னு அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றா. அண்ணன் சிரிக்கல, ஏன் அப்படித் தூக்கிட்டு வந்தாருன்னு எடுத்துச் சொல்றான். அந்த அரைப் பக்கத்துல அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு நின்னு கோவம் வர்ற அந்த நிமிஷம், அதுக்கப்புறம் கி.ராவயும் பூமணியயும் நீங்க திரும்பப் புரட்டினா வேற மாதிரி படிப்பீங்க.

அடுத்து சோ. தர்மனோட சூல். உருளைக்குடிங்கிற ஊரு, அதோட கண்மாய், எட்டயபுரம் ஜமீன் காலத்துல இருந்து சுதந்திரத்துக்கு அப்புறம் வரைக்கும். இதுல கதாநாயகனே அந்தக் கண்மாய்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் அதைவிட முக்கியமா நினைக்கிறது அந்தத் தண்ணிய ஆளுறதுக்கு அந்த ஊர்க்காரங்க வச்சிருந்த ஏற்பாடு. மடையத் திறக்கிற பொறுப்பு யாருக்கு, எந்த வயலுக்கு எப்ப பாயணும், கோடையில அடியில படிஞ்ச வண்டல அள்ளி வயலுக்கு அடிக்கிறது, கரையக் காக்குற சாமி, அந்தச் சாமியாகிப் போன மனுஷங்க. பெரிய படிப்பு இல்லாத ஒரு ஊரு தலைமுறை தலைமுறையா வச்சிருந்த அறிவு. அதுக்கப்புறம் ஆட்சி மாறுது, கண்மாய் ஊர் கையில இருந்து சர்க்கார் கைக்குப் போகுது, வண்டல் அள்ளுறது நிக்குது, அப்புறம் என்ன ஆகும்னு இன்னைக்கு எந்தக் கம்மாக்கரையில போய் நின்னாலும் தெரியும், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். நாவலோட முதல் பாதி கொஞ்சம் சிதறலா, கிளைக்கதை கிளைக்கதையா போகும், யார் முக்கியமான ஆளுன்னு தேடாதீங்க, திண்ணையில உக்காந்து பெரியவங்க பேசுறதக் கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டே போங்க. சென்னையில லாரித் தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்கிற எல்லாரும் படிக்கணும்னு நான் சொல்லுவேன்.

மத்தவங்களச் சுருக்கமா சொல்லிடுறேன். எஸ். ராமகிருஷ்ணனோட சஞ்சாரம் கரிசல்ல நாதஸ்வரம் வாசிக்கிறவங்களப் பத்தி, தஞ்சாவூருப் பக்கம் மட்டும்தான் நாதஸ்வரம்னு நினைக்கிறவங்க படிக்கணும். ச. தமிழ்ச்செல்வனோட வெயிலோடு போய் ஒரு சிறுகதை, பூ படம் அதுல இருந்து எடுத்ததுதான், பத்து நிமிஷத்துல படிச்சுட்டு ஒரு வாரம் சுமப்பீங்க. அவரோட தம்பி கோணங்கி, மதினிமார்கள் கதை தொகுப்பு மட்டும் இப்போதைக்கு எடுங்க, அவரோட பின்னாடி வந்த எழுத்து வேற ஒரு பயிற்சி கேக்கும், அவசரப்படாதீங்க. கவிதை பிடிக்கும்னா கோவில்பட்டி தேவதச்சன், ஒரு நாளைக்கு ஒரு கவிதைக்கு மேல வேண்டாம்.

புத்தகம் எங்க கிடைக்கும்னா, கி.ரா, பூமணி, அழகிரிசாமி இவங்களோடது பெரும்பாலும் காலச்சுவடு பதிப்புல இருக்கு, சூல் அடையாளம் பதிப்பகம், அஞ்ஞாடிய முதல்ல போட்டது க்ரியா. எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கி அலமாரியில அடுக்காதீங்க, அடுக்கி வச்சது கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தா படிக்கிறது கடமையாயிடும். ஒண்ணு முடிச்சா ஒண்ணு வாங்குங்க. சென்னையிலதான் இருக்கீங்கன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கே, 2010ல திறந்தது, தமிழ் நாவல் எல்லாம் ஒரு தளத்துல வரிசையா இருக்கும், சனிக்கிழமை காலைல போய் உக்காந்து முதல் 30 பக்கம் அங்கயே படிச்சுப் பாத்துட்டு அப்புறம் வாங்கலாம். மதுரைக்காரங்களுக்கு 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். கிண்டிலா அச்சா பெரிய விஷயமில்ல, ஆனா அஞ்ஞாடி மாதிரி ஆயிரம் பக்கத்துக்கு மேல போற புத்தகத்துக்கு, படுத்துக்கிட்டு படிக்கிற பழக்கம் இருந்தா, கை வலிக்குதுங்கிற ஒரே காரணத்துக்காக கிண்டில் நல்லது.

கரிசல் முடிஞ்சதுக்கு அப்புறம் எங்க போறதுன்னு கேப்பீங்க. ஊருக்கு நேர் எதிரா ஒரு நகரம் வேணும்னா அசோகமித்திரனோட தண்ணீர், சென்னையில தண்ணிப் பஞ்சம், குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுற ஜமுனா, சின்னப் புத்தகம், சூல் படிச்ச ஞாபகம் மாறுறதுக்குள்ள படிங்க, கிராமத்துல தண்ணி போன கதையும் நகரத்துல தண்ணி வராத கதையும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். கடல் தாண்டணும்னா ப. சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி, ரெண்டாம் உலகப்போர் காலத்து மேடான், பினாங், நேதாஜியோட ஐ.என்.ஏ. படை. அது உங்கள நிச்சயமா 40 பக்கத்துல நிறுத்தப் பாக்கும், ஏன்னா ஆரம்பத்துல ஆள் பேரும் தெருப் பேரும் மழையா கொட்டும், அதனாலதான் அத முதல்ல சொல்லல. கரிசல்ல ஒரு வருஷம் இருந்து காது திறந்தவங்களுக்கு அது கஷ்டமே இல்ல. மொழிபெயர்ப்புல ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா தாராசங்கர் பந்த்யோபாத்யாயாவோட ஆரோக்ய நிகேதனம், நாடி பிடிச்சுப் பாத்து சாவு எப்ப வரும்னு சொல்ற ஒரு வங்காள கிராமத்து வைத்தியர், ஊருக்குப் புதுசா வந்திருக்கிற இங்கிலீஷ் டாக்டரு. த.நா. குமாரஸ்வாமி தமிழ்ல கொண்டுவந்தது. வயசான அப்பா அம்மா வீட்டுல இருக்கிறவங்க மெதுவா படிக்க வேண்டிய புத்தகம்.

கடைசியா அஞ்ஞாடி. 2012ல வந்தது, வரிசையில இத கடைசியா வைக்கணும்னுதான் மேல சொல்லாம வச்சிருந்தேன். கலிங்கல்னு ஒரு ஊரு, ஆண்டி, மாரின்னு ரெண்டு சிநேகிதங்க, ஒருத்தர் பள்ளர், இன்னொருத்தர் வண்ணார், அவங்க சின்னப் பசங்களா பனங்காட்டுலயும் கம்மாக்கரையிலயும் திரியுறதுல தொடங்குற கதை, மெல்ல மெல்ல அகலமாகி, 1876ல ஆரம்பிச்ச தாது வருஷப் பஞ்சம், 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கொள்ளைன்னு அந்த மண்ணோட ரெண்டு நூற்றாண்டு வரலாற்றையே உள்ள இழுத்துக்கும். நடுவுல கோர்ட்டுத் தீர்ப்பு, கும்பினி நடவடிக்கை, கடுதாசின்னு ஆவணங்கள் வரும், அங்க நிறைய பேரு விட்டுடுறாங்க. அந்த இடத்துல வேகத்தக் குறைச்சுக்கோங்க, ஆனா தாண்டாதீங்க. எந்தக் கோயில் தெருவுல யாரு ஊர்வலம் போகலாம்ங்கிற ஒரு வழக்கு எத்தனை உயிரக் குடிச்சுதுன்னு அந்தக் காகிதங்களுக்குள்ளதான் இருக்கு. இதை நீங்க முதல் புத்தகமா எடுத்திருந்தா 40 பக்கம் கூடத் தாண்டியிருக்க மாட்டீங்க, ஆனா கதவு, கோபல்ல கிராமம், பிறகு, கருக்கு, சூல் எல்லாம் படிச்சுட்டு வரும்போது கலிங்கல்ல உங்களுக்குத் தெரியாத தெருவே இருக்காது.

நான் இப்ப கழுகுமலைப் பகுதிக்கு வந்திருக்கேன். நீங்க முதல்ல அழகிரிசாமி கதை ரெண்டு, கி.ரா கதை ரெண்டு, இந்த வாரமே முடிச்சுட்டு எது பிடிச்சது எது பிடிக்கலன்னு எனக்கு எழுதுங்க, பிடிக்கலன்னா அதையும் மறைக்காம எழுதுங்க, ஏன்னு தெரிஞ்சா அடுத்தத மாத்திச் சொல்றேன். கோபல்ல கிராமத்துல இருந்து சூல் வரைக்கும் நீங்க வந்து சேரும்போது சொல்லுங்க, அஞ்ஞாடிய வாரத்துக்கு 100 பக்கம்னு வச்சு நானும் உங்களோட மூணாவது தடவை படிக்கிறேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன்ல பேசிக்கலாம். வேற யாராவது ரெண்டு பேர் உங்களோட சேந்தா இன்னும் நல்லது, தூத்துக்குடி விருதுநகர் பக்கத்து ஆள் ஒருத்தர் கிடைச்சா அவர வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நாம கேக்கலாம்.